மேனேஜருக்குப் பெரிய 'எம்' வேண்டுமா?

கேள்வி: ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வாரம் இரண்டு அறிக்கை, நாளுக்குப் பத்துப் பதினைந்து மின்னஞ்சல் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. இலக்கணம் ஓரளவு சமாளித்துவிடுகிறேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயம்தான் பிடிபடவே இல்லை. கடைசியாகக் கொடுத்த அறிக்கையில், ஒரே பக்கத்தில் 17 எழுத்துகளின் மேல் சாய்வுக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு எழுத்துகளுக்குக் கீழே மும்மூன்று கோடு. காரணம் எதுவும் எழுதவில்லை. முக்கியமான சொற்களுக்குப் பெரிய எழுத்து போடுவதுதானே முறை? மேலாளரைச் சின்ன எழுத்தில் எழுதினால் மரியாதைக் குறைவு ஆகாதா? அடி வாங்கிய வாக்கியங்களில் ஒன்று இது: "தி புராஜெக்ட் மேனேஜர் வில் சப்மிட் தி ஃபைனல் ரிப்போர்ட் டு தி கிளையன்ட் ஆன் மண்டே, பிஃபோர் தி சம்மர் ஷட்டவுன்." மண்டேயைத் தவிர எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும், ஃபைனலுக்கும், பெரிய எழுத்து போட்டிருந்தேன். தலைப்புகளை எப்படி எழுதுவது என்றும் சொல்லுங்கள்.

பதில்: முதலில் அந்தக் கோடுகளைப் படித்துவிடுவோம். அவை பிரதி திருத்துபவர்கள் கையாளும் குறிகள். எழுத்தின் மேல் சாய்வுக் கோடு இருந்தால் 'இதைச் சின்ன எழுத்தாக்கு' என்று பொருள். எழுத்துக்குக் கீழே மூன்று கோடு இருந்தால் 'பெரிய எழுத்தாக்கு'. அப்படியானால் உங்கள் பக்கத்தில் போட மறந்தது இரண்டு இடம், வேண்டாத இடத்தில் போட்டது 17. எங்கே கோளாறு என்பதை இந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது. நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். விட வேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது.

பெரிய எழுத்து மரியாதை தரும், அழுத்தம் தரும் என்ற எண்ணம்தான் அது. தமிழ் எழுத்தில் பெரியது, சின்னது என்ற பிரிவே கிடையாது. மரியாதையை 'அவர்', 'வந்தார்' என்று விகுதியிலேயே காட்டிவிடுகிறோம். ஆங்கில வினைச்சொல்லில் அந்த வசதி இல்லாததால், பெரிய எழுத்துதான் அந்த வேலையைச் செய்கிறது போலும் என்று கை தானாக நினைத்துக்கொள்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு முக்கியமாக இரண்டு வேலைகள்தான். ஒன்று, இங்கே வாக்கியம் தொடங்குகிறது என்று காட்டுவது. இன்னொன்று, இது ஒருவருக்கோ ஒன்றுக்கோ சூட்டிய பெயர் என்று காட்டுவது. 'நான்' என்னும் 'ஐ' எழுத்து எங்கு வந்தாலும் பெரியது என்பது தனி வழக்கம். அதுகூடப் பெருமைக்காக வந்ததென்றால், 'மீ', 'மை' இரண்டுக்கும் அல்லவா சேர்ந்து வந்திருக்க வேண்டும்? அவை சின்ன எழுத்துதான்.

முக்கியச் சொல்லுக்குப் பெரிய எழுத்து என்ற வழக்கம் ஆங்கிலத்தில் ஒருகாலத்தில் இருந்தது உண்மை. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியைப் பாருங்கள், பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை பெரிய எழுத்தில் நிற்கும். ஜெர்மன் மொழி அதை இன்றும் விடவில்லை. ஆங்கிலம் எப்போதோ விட்டுவிட்டது.

இங்கே தமிழ் இலக்கணம் படித்தவர்கள் ஒரு பள்ளத்தில் விழக்கூடும். மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர், பனை என்பது இடுகுறிச் சிறப்புப்பெயர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். 'சிறப்புப்பெயருக்குப் பெரிய எழுத்து' என்று ஆங்கில வகுப்பில் சொன்னதும் இரண்டையும் முடிச்சுப்போட்டு, பனைக்கும் மாவுக்கும் பெரிய எழுத்து போடுகிறவர்கள் உண்டு. ஆங்கிலக் கணக்கில் பனையும் ஒரு வகைதான். 'பாம்' என்பதற்கு 'பி' சின்னது. வகை எவ்வளவு குறுகினாலும் வகையே. இந்த ஒரு மரம், இந்த ஒரு ஆள், இந்த ஒரு ஊர் என்று தனியாகப் பிரித்துச் சூட்டியதுதான் பெயர். குழப்பம் வராமல் இருக்க இதைத் 'தனிப்பெயர்' என்றே சொல்லிக்கொள்வோம்.

சந்தேகம் வந்தால், அந்தச் சொல்லுக்கு முன்னால் 'எ' அல்லது 'மை' போட்டு, அதே பொருளில் நிற்கிறதா என்று பாருங்கள். 'எ மேனேஜர்', 'மை கிளையன்ட்' இயல்பாக நிற்கின்றன. ஆகவே வகைச் சொல், சின்ன எழுத்து. 'எ லண்டன்' நிற்கவில்லை, தனிப்பெயர். கிழமையும் மாதமும் இந்தச் சோதனைக்குள் அடங்காது. 'எவ்ரி மண்டே' என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனாலும் 'எம்' பெரியதுதான். கிழமை ஏழு, மாதம் பன்னிரண்டு, பண்டிகைப் பெயர்கள், மொழிப் பெயர்கள், நாட்டினப் பெயர்கள் ஆகியவற்றை அப்படியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'சண்டே', 'இங்கிலிஷ்', 'டமில்', 'ஃபிரெஞ்ச்' எல்லாம் எப்போதும் பெரிய எழுத்து. பருவகாலங்கள் இந்தப் பட்டியலில் இல்லை. 'சம்மர்', 'வின்டர்' சின்ன எழுத்து. பாடங்களில் மொழிகளுக்கு மட்டும் பெரிய எழுத்து. 'ஃபிசிக்ஸ்', 'ஹிஸ்டரி' சின்னது.

இனி உங்கள் வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பார்ப்போம். 'தி' வாக்கியத்தின் முதல் சொல், பெரியது சரி. 'புராஜெக்ட் மேனேஜர்' ஒரு பொறுப்பைச் சொல்கிறது, அதில் இருக்கும் ஆளின் பெயரை அல்ல, இரண்டும் சின்னது. 'ஃபைனல் ரிப்போர்ட்' எந்த நிலையில் உள்ள அறிக்கை என்று சொல்கிறது; சின்னது. அந்த அறிக்கையின் அட்டையில் அச்சிட்ட முழுத் தலைப்பை எடுத்து எழுதியிருந்தால் கதை வேறு. 'கிளையன்ட்' சின்னது. 'மண்டே' பெரியது, அங்கேதான் மூன்று கோடு விழுந்திருக்கும். 'சம்மர் ஷட்டவுன்' இரண்டும் சின்னது. ஒரே வாக்கியத்தில் ஏழு சாய்வுக் கோடு, ஒரு மூன்று கோடு. பாக்கி 10 சாய்வுக் கோடும் பெரும்பாலும் இதே ஜாதியாகத்தான் இருக்கும்.

மேலாளர் மரியாதையைப் பற்றிக் கேட்டீர்கள். பதவிச் சொல் பெயருக்கு முன்னால் ஒட்டி, விளிக்கும் பட்டமாகவே ஆகிவிட்டால் பெரிய எழுத்து பெறும். 'பிரசிடென்ட் லிங்கன்' என்னும்போது 'பி' பெரியது. 'தி பிரசிடென்ட் அரைவ்ட்' என்னும்போது, எழுத்து நடை விதிகளைத் தொகுத்துத் தரும் நடைக் கையேடுகள் பலவற்றில் அதே 'பி' சின்னது. பெயருக்குப் பின்னால் கமா போட்டு வந்தாலும் சின்னதுதான். 'டாக்டர்', 'புரொஃபசர்', 'கேப்டன்' எல்லாம் இப்படித்தான். மேனேஜர், இன்ஜினியர் வகைச் சொற்களை யாரும் பட்டமாகச் சொல்லி அழைப்பதில்லை என்பதால், பெயருக்கு முன்னால் வந்தாலும் அவை சின்ன எழுத்து. விலக்கு ஒன்று உண்டு. கடித முகவரியிலும், மின்னஞ்சலின் அடியில் வரும் கையொப்பப் பகுதியிலும், பெயருக்குக் கீழே தனி வரியாகப் பதவியைப் போடும்போது பெரிய எழுத்து சரி. அது வாக்கியம் இல்லை, பெயர்ப்பலகை மாதிரி. உங்கள் மேலாளருக்குக் காட்ட வேண்டிய மரியாதைக்கு அந்த இடம் போதும். உறவுச் சொல்லுக்கும் இதே கணக்கு. 'மை மம்' என்றால் சின்னது. பெயருக்குப் பதிலாகவே 'மம்' என்று அழைத்தால் பெரியது.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, அலுவலகங்களில் ஏன் 'தி கம்பெனி', 'தி காண்ட்ராக்டர்', 'தி அக்ரிமென்ட்' என்று பெரிய எழுத்து மழையாகப் பொழிகிறது? அது ஒப்பந்தப் பத்திரத்திலிருந்து வந்தது. இந்த ஆவணத்தில் 'தி காண்ட்ராக்டர்' என்றால் இன்ன நிறுவனம் என்று தொடக்கத்திலேயே வரையறுத்துவிடுவார்கள். அதன்பின் பெரிய 'சி' வந்தால் அந்த ஒரு நிறுவனம். சின்ன 'சி' வந்தால் ஏதோ ஒரு ஒப்பந்தக்காரர். அங்கே அந்த எழுத்துக்குச் சட்ட வேலை இருக்கிறது, ஒரு இடத்தில் மாறினாலும் வழக்குக்கு இடம் கொடுக்கும். ஆகவே ஒப்பந்தத்தில் கை வைக்காதீர்கள். அதைப் படித்துப் படித்துப் பழகிய கை, வரையறையே இல்லாத மின்னஞ்சலிலும் பெரிய எழுத்தைப் போட்டுவிடுகிறது. அங்கே அதற்கு வேலை ஏதும் இல்லை. அறிக்கையில் உண்மையிலேயே அப்படி வேண்டுமென்றால், முதல் பக்கத்தில் வரையறை எழுதிவிட்டுப் போடுங்கள்.

சுருக்கெழுத்தை விரிக்கும்போதும் இந்தத் தவறு நடக்கும். 'ஏடிஎம்' மூன்றும் பெரிய எழுத்துதான். விரித்தால் 'ஆட்டோமேட்டட் டெல்லர் மெஷின்' வெறும் வகைச் சொல், மூன்றும் சின்னது. 'கேபிஐ', 'எச்ஆர்' விரிவுகளும் அப்படியே. சுருக்கம் பெரிய எழுத்தில் இருப்பதால் விரிவும் அப்படி இருக்க வேண்டியதில்லை. விரிவு ஒரு அமைப்பின் முழுப்பெயராக இருந்தால் மட்டும் பெரியது. அந்த முழுப்பெயரைப் பிறகு 'தி யுனிவர்சிட்டி', 'தி டிபார்ட்மென்ட்' என்று குறுக்கினால் திரும்பவும் சின்னது.

கட்டுமான அறிக்கை என்பதால் அலகுகளைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மற்ற இடங்களில் தவறினால் பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான். இங்கே தவறினால் எண்ணே மாறிவிடும். பாரம் குறிக்கும் கிலோநியூட்டனில் 'கே' சின்னது, 'என்' பெரியது. 'கே'யைப் பெரிதாக்கினால் அது வெப்பநிலை அலகான கெல்வினின் குறி. கான்கிரீட் வலிமையைச் சொல்லும் மெகாபாஸ்கலில் 'எம்' பெரியது, 'பி' பெரியது, 'ஏ' சின்னது. அந்த 'எம்' சின்னதாகிவிட்டால் மில்லிபாஸ்கல். இரண்டுக்கும் இடையே 100 கோடி மடங்கு வித்தியாசம். மில்லிமீட்டரில் இரண்டு 'எம்'மும் சின்னது, கிலோகிராமில் இரண்டு எழுத்தும் சின்னது. கணினிக் கோப்பின் அளவில் பெரிய 'பி' பைட், சின்ன 'பி' பிட். எட்டு மடங்கு வித்தியாசம்.

ஒரு விஞ்ஞானியின் பெயரால் வந்த அலகென்றால் குறியீட்டில் பெரிய எழுத்து வரும். ஆனால் சொல்லாக முழுதும் எழுதினால் 'நியூட்டன்', 'பாஸ்கல்', 'வாட்' எல்லாம் சின்ன எழுத்துதான். செல்சியஸ் விலக்கு. 'டிகிரி செல்சியஸ்' என்பதில் 'டி' சின்னது, 'சி' பெரியது. லிட்டர் யார் பெயராலும் வந்ததல்ல. ஆனாலும் சின்ன 'எல்' எழுத்து ஒன்று என்னும் எண்ணைப் போலவே தெரிவதால், பெரிய 'எல்'லையும் போடலாம் என்று 1979இல் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு அனுமதித்தது. அறிக்கையில் பெரிய 'எல்' போடுவதே என் பரிந்துரை.

வரைபடங்களில் குறிப்புகளை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதுவது உங்கள் தொழிலின் வழக்கம். அங்கிருந்து அறிக்கைக்கு நகலெடுத்து ஒட்டும்போது மில்லிமீட்டர் இரண்டு பெரிய 'எம்'மாக வந்து உட்கார்ந்துவிடும். ஒட்டிய கையோடு அலகுகளை மட்டும் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். முழுக்கப் பெரிய எழுத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. 'மே' மாதமா, 'மே' என்னும் துணைவினையா, 'மார்ச்' மாதமா, அணிவகுப்பா, 'போலிஷ்' மக்களா, 'பாலிஷ்' போடுவதா என்று காட்டிக்கொடுக்கும் அடையாளமே அழிந்துவிடும். அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்து போடுங்கள். மின்னஞ்சலில் முழு வாக்கியத்தையும் பெரிய எழுத்தில் எழுதினால், படிக்கிறவர் காதில் கத்துவது போலத்தான் விழும்.

தலைப்புக்கு இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று, தலைப்பையும் வாக்கியம் போலவே எழுதுவது. முதல் சொல்லும் தனிப்பெயரும் மட்டும் பெரிய எழுத்து. பிரிட்டிஷ் அரசின் இணையதளம் தன் பக்கத் தலைப்புகள் எல்லாவற்றையும் இப்படித்தான் எழுதுகிறது. உங்கள் அலுவலகம் எதையும் கட்டாயப்படுத்தவில்லை என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள், தவறு நுழைய இடமே இருக்காது.

மற்றது, முதன்மைச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பெரிய எழுத்து போடுவது. பெயர், வினை, பெயரடை, வினையடை, சுட்டுப்பெயர் எல்லாம் பெரியது. 'எ', 'அன்', 'தி' மூன்றும், 'ஆண்ட்', 'ஆர்', 'பட்' போன்ற இணைப்புச் சொற்களும், 'ஆஃப்', 'இன்', 'டு' போன்ற குட்டி முன்னிடைச் சொற்களும் சின்னது. ஆனால் எதுவாக இருந்தாலும் முதல் சொல்லாக நின்றால் பெரியது. இங்கே பலரும் சறுக்குவது 'இஸ்', 'பி', 'இட்' ஆகிய சொற்களில். இரண்டே எழுத்து என்பதால் சின்னதாக விட்டுவிடுவார்கள். ஆனால் 'இஸ்' ஒரு வினைச்சொல், 'இட்' ஒரு சுட்டுப்பெயர். நீளம் எப்படியானாலும் பெரியதுதான். 'செட்டிங் அப்' போல வினையோடு ஒட்டிவரும் 'அப்' என்ற சொல்லுக்கும் பெரிய எழுத்து வேண்டும்.

நீண்ட முன்னிடைச் சொற்களில் கையேட்டுக்குக் கையேடு கருத்து மாறும். 'பிட்வீன்' ஏழு எழுத்துச் சொல். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறையில் நான்கு எழுத்தும் அதற்கு மேலும் உள்ள எல்லாச் சொல்லும் பெரியது, ஆகவே 'பி' பெரியது. நவீன மொழிச் சங்கத்தின் எம்எல்ஏ முறையில் முன்னிடைச் சொல் எவ்வளவு நீளமானாலும் சின்னது. அமெரிக்கப் பதிப்பாளர்கள் பலர் பின்பற்றும் சிகாகோ கையேடும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிவந்தது. 2024இல் வந்த 18ஆம் பதிப்பில் ஐந்து எழுத்தும் அதற்கு மேலும் இருந்தால் பெரியது என்று மாற்றிக்கொண்டது. இதில் எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அறிக்கை முழுக்க அதையே செய்யுங்கள்.

மின்னஞ்சலின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 'டியர்' போட்டு, பெயர் எழுதி, கமாவும் போட்டு அடுத்த வரிக்குப் போகிறீர்கள். கமாதானே வந்திருக்கிறது என்று அடுத்த வரியைச் சின்ன எழுத்தில் தொடங்கக் கூடாது. அங்கே புது வாக்கியம் பிறக்கிறது. முடிவில் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்பதில் முதல் சொல் மட்டும் பெரியது. அரைப்புள்ளிக்குப் பிறகு சின்ன எழுத்து. முக்கால்புள்ளிக்குப் பிறகு பிரிட்டிஷ் நடையில் சின்னது. அமெரிக்க நடைகளில் முழு வாக்கியம் தொடர்ந்தால் சிலர் பெரியது போடுவார்கள். மேற்கோளுக்குள் முழு வாக்கியம் வந்தால் பெரிய எழுத்தில் தொடங்குங்கள், நாலைந்து சொல்லை மட்டும் கிள்ளி எடுத்திருந்தால் சின்னதில்.

தவறுகளில் ஒரு பங்கு உங்களுடையதே அல்ல. வேர்டு மென்பொருள் புள்ளியைக் கண்டால் வாக்கியம் முடிந்தது என்று நினைத்து, அடுத்த எழுத்தைத் தானாகவே பெரிதாக்கிவிடும். அதன் விலக்குப் பட்டியலில் இல்லாத ஒரு சுருக்கத்துக்குப் புள்ளி வைத்தாலும் அதே கதைதான். பட்டியலில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும், அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்தின் முதல் எழுத்தையும் மாற்றிவிடும். சின்ன எழுத்தில் தொடங்க வேண்டிய அலகுகள் அங்கேதான் கெடும். ஆட்டோகரெக்ட் அமைப்பில் கட்டங்களுக்கான அந்த ஒரு தேர்வை எடுத்துவிடுங்கள். விலக்குப் பட்டியலில் நீங்கள் அடிக்கடி எழுதும் சுருக்கங்களைச் சேர்த்துவிடுங்கள். ஒரு சொல்லை உடனே மாற்ற, அதைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் எஃப்3யும் சேர்த்து அழுத்துங்கள். அழுத்த அழுத்தச் சின்னது, முதலெழுத்து மட்டும் பெரியது, எல்லாம் பெரியது என்று மாறி மாறி வரும்.

திரும்பி வந்த அறிக்கையை இப்படித் திருத்துங்கள். தேடல் பெட்டியில் 'மேட்ச் கேஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பெரிய எழுத்தில் தொடங்கும் 'புராஜெக்ட்' சொல்லைத் தேடுங்கள். அடுத்து 'மேனேஜர்', 'கிளையன்ட்', 'ரிப்போர்ட்', 'டிபார்ட்மென்ட்', 'டீம்'. எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றும் பொத்தானைத் தொடாதீர்கள். வாக்கியத் தொடக்கத்தில் வந்தவையும், முழுப்பெயருக்குள் வந்தவையும் சேர்ந்து கெட்டுவிடும். ஒவ்வொன்றாக நின்று, இது வகையா, பெயரா என்று கேட்டு மாற்றுங்கள். பிறகு கிழமை, மாதப் பெயர்களைச் சின்ன எழுத்தில் தேடுங்கள். ஒன்றும் அகப்படக் கூடாது. அகப்படும் 'மே', 'மார்ச்' மாதமா, வினைச்சொல்லா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக அலகுகள்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு பக்கமும் நியாயம் உள்ள சில சொற்கள் மிஞ்சும். 'இன்டர்நெட்' ஒருகாலத்தில் பெரிய 'ஐ'யுடன் வந்தது; அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ஏபி கையேடு 2016இல் சின்னதாக்கியது. 'கவர்ன்மென்ட்', 'போர்டு', 'ஃபேஸ்' என்பதோடு எண் சேர்ந்து வருவது, 'சைட்' போன்றவற்றில் ஒவ்வொரு அலுவலகமும் ஒரு முடிவு வைத்திருக்கும். கோடு போட்டவரிடமே போய், எந்தக் கையேட்டைப் பின்பற்றுகிறீர்கள் என்று கேளுங்கள். இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் முடிவைப் பக்கத்தில் குறித்து, மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.